டோஸ் மேடத்தின் வியாழக்கிழமை வகுப்பு

என் தங்கைக்கு நர்சிங் கல்லூரியில் வைத்திருக்கும் பெயர் டோஸ் மேடம். மருந்தின் அளவைப் பற்றிப் பாடம் நடத்துவதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

அவளிடம் படிக்க வருகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஏற்கெனவே நர்ஸாகச் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர்கள். சிலருக்குக் குழந்தை குட்டி உண்டு. அவர்களுக்கு அவள் எடுக்கும் பாடம் உயர்நிலை மருந்தியல். எந்த மருந்து உடம்புக்குள் போய் எங்கே உட்காருகிறது, உட்கார்ந்து என்ன செய்கிறது, இன்னொரு மருந்தோடு சேர்ந்தால் என்ன வம்பு இழுக்கும், எவ்வளவு போனால் ஆள் பிழைப்பான், எவ்வளவு போனால் படுப்பான், எல்லாம் அதில் வரும்.

நான் லாரிக்கு பிரேக் வேலை பார்க்கிறவன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சீக்கிரமே ஒத்துவராமல் போய்விட்டது. அவளுக்கோ படிப்பை நிறுத்தவே தெரியவில்லை. அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே படித்தாள், கல்யாணமாகியும் படித்தாள், இப்போது பாடம் நடத்திக்கொண்டே படிக்கிறாள். எங்கள் வீட்டு மாடியில்தான் அவளும் மாப்பிள்ளையும் குடியிருக்கிறார்கள். காலையில் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட அவள் வாய் ஏதாவது மருந்துப் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். "உங்க தங்கச்சி யாருக்கோ சாபம் விடறா, போய் என்னன்னு கேளுங்க" என்பாள் என் வீட்டுக்காரி.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் பட்டறைக்கே வந்துவிட்டாள். நான் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக் கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் வேண்டும் என்றாள். எதற்கு என்றேன்.

"டாக்டரா நிக்கணும்ணே."

நான் சிரித்ததில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய மாணவிகள் பரீட்சையில் நன்றாகவே எழுதுகிறார்களாம். ஆனால் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று ஒரு டாக்டர் அதட்டினால் படித்ததெல்லாம் ஆவியாகிவிடுகிறதாம். தப்பான மருந்து எழுதியிருக்கிறது என்று மனசுக்குத் தெரியும். ஆனாலும் கை ஊசியைப் போட்டுவிடும். புத்தகத்திலிருந்து கையை அங்கே கொண்டுபோக வேண்டுமானால் வகுப்பிலேயே அதட்டி அதட்டிப் பழக்க வேண்டும் என்றாள். இவள் அதட்டினால் மேடம்தானே என்று சும்மா இருக்கிறார்களாம். மற்ற ஆசிரியைகள் மாட்டேன் என்றுவிட்டார்கள். மாப்பிள்ளையை வைத்துப் பார்க்கலாமே என்றேன். மாப்பிள்ளை அதட்டினால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எனக்கு ஒரு எழவும் தெரியாதே பாப்பா."

"தெரிய வேண்டாம். நீ வந்து நின்னாப் போதும். அந்த மூஞ்சி போதும்."

இப்படித்தான் நான் டாக்டரானேன். கோட்டு மாப்பிள்ளையினுடையது, அவர் ஒரு சோதனைக்கூடத்தில் கணக்கு பார்க்கிறவர், அங்கே கணக்குக்காரருக்கும் கோட்டு உண்டு. தோள்பட்டையில் பிடித்ததால் என் வீட்டுக்காரி பக்கவாட்டில் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். வசனம் என் தங்கை கொடுத்தது. "என்ன லேட்டு?" என்பது ஒன்று. "போடுன்னா போடு" என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, யாராவது சந்தேகம் கேட்டால் சொல்ல வேண்டியது: "நான் டாக்டரா, நீ டாக்டரா?" இதெல்லாம் எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். எங்கேயோ கேட்டதுதான் என்றாள்.

பயிற்சி அறை துணி துவைக்கும் கட்டடத்தைப் பார்த்தபடி இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே இரண்டு கட்டில், ஒரு மருந்துத் தள்ளுவண்டி, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குப்பிகள். ஒரு கட்டிலில் நோயாளியாக ஒரு ரப்பர் பொம்மை. எத்தனையோ வருஷமாக ஊசி குத்தி இடது கை முழுக்கப் பிளாஸ்திரி. அதன் தலைமாட்டில் யார், என்ன நோய் என்று எழுதிய தாள் தொங்கும். என் தங்கை ஒரு மருந்துச் சீட்டு எழுதி என்னிடம் கொடுப்பாள். நான் அதை ஒரு மாணவியிடம் நீட்டி அதட்டுவேன். சீட்டில் எங்கேயாவது ஒரு தப்பு இருக்கும். அதைக் கண்டுபிடித்து, என் அதட்டலுக்கு மசியாமல், முடியாது என்று நிற்க வேண்டும். அதுதான் வகுப்பு.

முதல் வியாழக்கிழமை ஒருத்தியும் நிற்கவில்லை. பொட்டாசியம் மருந்தைத் தண்ணீரில் கலக்காமல் அப்படியே நரம்பில் ஏற்றச் சொல்லிச் சீட்டு. அப்படி ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்ததும் முதலில் வந்தவள் பொம்மைக்கு ஏற்றிவிட்டாள். என் தங்கை போய் பொம்மையின் முகத்தில் விரிப்பை இழுத்து மூடினாள். அடுத்தவள் வந்தாள். என் தங்கை விரிப்பைத் திறந்துவிட்டாள், அவளும் ஏற்றியதும் மறுபடியும் மூடினாள். அன்றைக்கு அந்தப் பொம்மை செத்துச் செத்துச் சலித்துப்போனது. பிறகு நடந்தது டோஸ். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். எனக்கே பயமாக இருந்தது.

அந்த வகுப்பில் ஒருத்திக்கு மெல்லிசு என்று பெயர். உடம்பு நல்ல கனம்தான், குரல்தான் மெல்லிசு. பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே இரண்டாம் தடவை சொல்ல வேண்டும். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். விடுதியில் தங்கியிருந்தாள். என்னைப் பார்த்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். நான் கோட்டைக் கழற்றிவிட்டு டீ குடிக்கும்போது வந்து, "ஐயா, உங்களுக்குத் தொண்டை கட்டிக்காதா?" என்று கேட்டது அவள் ஒருத்திதான்.

வாரங்கள் ஓட ஓட ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். அளவில் ஒரு பூஜ்யம் கூட இருந்தால் பிடித்தார்கள். ஒவ்வாமை இருக்கிறவருக்கு அதே மருந்தை எழுதியிருந்தால் பிடித்தார்கள். நான் கத்தக் கத்தக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு நாள் மெல்லிசு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "போட மாட்டேன் சார்" என்றாள். எல்லோருக்கும் கேட்டது. வகுப்பே கை தட்டியது. திட்ட வேண்டிய டாக்டர் நானும் மறந்துபோய்த் தட்டினேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்து என் தங்கை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

பிறகுதான் அந்தச் சம்பவம்.

மாணவிகள் வாரத்தில் பாதி நாள் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை செய்தாக வேண்டும். அந்த நேரம் நிறைந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். அங்கே தலைமை டாக்டருக்கு நர்ஸுகள் வைத்திருக்கும் பெயர் இடி. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காலை, வயலுக்குப் பூச்சி மருந்து அடித்த ஆளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். முகத்தை மூடாமல் காற்றுக்கு எதிரே நின்று அடித்திருக்கிறான். வாயில் எச்சில் ஒழுகுகிறது, உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம், நாடி விழுந்துகொண்டே போகிறது. அதற்கு அட்ரோபின் என்று ஒரு மருந்து உண்டு. அதை ஏற்றும்படி இடி டாக்டர் சொன்னார். அன்றைக்கு மருந்து வண்டியில் நின்றது மெல்லிசு. ஏற்றினாள். பத்தவில்லை, இரண்டு மடங்காகப் போடு என்றார். போட்டாள். அதையும் இரண்டு மடங்காக்கு என்றார். அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

வேறு நோய்களுக்கு அந்த மருந்தை ஒரு குப்பி, இரண்டு குப்பி என்றுதான் கொடுப்பார்களாம். இதற்கு மேல் போகாதே என்று அட்டவணையில் ஒரு கோடு இருக்கிறது. டாக்டர் கேட்டது அந்தக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ஊசியைத் தட்டில் வைத்தாள். போட மாட்டேன் சார் என்றாள். அவர் இடித்தார். அவள் அசையவில்லை. அங்கே இருந்த மூத்த நர்ஸ் அவளை முழங்கையால் தள்ளிவிட்டு, குப்பிகளை உடைத்து உடைத்து ஏற்றினார்.

ஆனால் அன்றைக்கு டாக்டர் சொன்னது சரி. பூச்சி மருந்து விஷத்துக்கு அந்தக் கோடு பொருந்தாது.

அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தத் தாமதத்தில் போயிருக்கவும் கூடும். இடி டாக்டர் கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை நடக்கிற அந்த எதிர்த்துப் பேசுகிற வகுப்பை நிறுத்துகிற வரை இந்தக் கல்லூரி மாணவி எவளும் என் வார்டில் மருந்து வண்டியைத் தொடக்கூடாது என்றுவிட்டார். பாடம் நடத்துவதற்குத் தன் உதவி டாக்டர் ஒருவரை அனுப்புவதாகவும், புத்தகத்தைப் பார்த்து ஒழுங்காக நடத்தட்டும் என்றும் சொன்னாராம். முதல்வரம்மா நல்லவர்தான். ஆனால் வார்டு நேரம் நிறையாவிட்டால் ஒரு வகுப்பே பரீட்சை எழுத முடியாது. பேசாமல் நிறுத்திவிடேன் என்று என் தங்கையிடம் கெஞ்சினார். அடுத்த வியாழன் வரை நேரம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்த மருந்தைப் பற்றியும் பாடம் எடுத்திருக்கிறாளாம். பூச்சி மருந்து விஷத்துக்கு அளவு வேறு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம். மெல்லிசு அதை எழுதி முழு மார்க்கும் வாங்கியிருக்கிறாள். தெரிந்திருந்தும் ஏன் நின்றாள் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தம் போடாமல் எதிரே உட்கார்ந்துகொண்டார். பிரேக்கை ரொம்ப இறுக்கி வைத்தால் சக்கரம் சுற்றாது பாப்பா என்று நான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, உன் பிரேக்குக் கதைய இப்ப ஆரம்பிக்காதே."

நான் டீயைக் குடித்தேன்.

மெல்லிசு அன்றிலிருந்து வகுப்புக்கும் வரவில்லை, வார்டுக்கும் போகவில்லை. ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டுகிறாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மறுநாள் சாயந்திரம் என் தங்கையை விடுதிக்குக் கூட்டிப்போனேன். வாசலுக்குப் பக்கத்தில் பார்வையாளர் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர் வடிகட்டி, சுவரோரமாக ஒரு இஸ்திரிப் பெட்டி. ஆம்பிளை உள்ளே வரக்கூடாது என்று காவலாளி என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார். கதவு திறந்தே இருந்தது.

மெல்லிசு வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் எதிர்பார்த்த டோஸ் வரவில்லை. என் தங்கை அவளை உட்காரச் சொல்லி, அந்த ஆள் நன்றாக இருக்கிறான், இட்டிலி கேட்கிறான் புட்டு கேட்கிறான் என்று ஏதேதோ சொல்லி முதலில் அவள் மூச்சைச் சீராக்கினாள். பிறகு கேட்டாள்.

"இந்த விஷத்துக்கு அளவு வேறன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏம்மா நின்ன?"

மெல்லிசு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம வகுப்புல நீங்க குடுத்த சீட்டு ஒண்ணுகூட சரியா இருந்ததில்லை மேடம். டாக்டர் அதட்டினாலே தப்பு இருக்குன்னு அர்த்தம். எங்க தப்பு, எங்க தப்புன்னுதான் நான் தேடினேன். சரியா இருக்குமோன்னு தேடவே இல்லை."

நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு என் கையைப் பார்த்தேன். அத்தனை வியாழக்கிழமையும் அந்தச் சீட்டை நீட்டின கை. சரிதான். ஒரு நாளாவது, ஒரு சீட்டாவது ஒழுங்காக எழுதியிருக்கலாம். அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதட்டுகிறவன் எப்போதும் தப்பாகத்தான் இருப்பான் என்று ஒரு வகுப்பு முழுவதற்கும் பழக்கிவிட்டோம்.

என் தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ தப்பு பண்ணலை. நான் சொல்லிக் குடுத்ததை அப்படியே பண்ணியிருக்கே. பாதிதான் சொல்லிக் குடுத்திருக்கேன். மீதியைக் கத்துக்காம ஊருக்குப் போயிடாதே." வா என்று வற்புறுத்தவில்லை. எழுந்து வந்துவிட்டாள். பைக்கில் ஏறினதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடு என்றாள்.

இடி டாக்டரின் அறை வாசலில் நான் நின்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தாயா, வாதாட வந்தாயா என்றார். இரண்டும்தான் என்றாள். பிறகு விடுதியில் கேட்டதை ஒளிக்காமல் சொன்னாள். எல்லாச் சீட்டையும் தப்பாகவே எழுதினேன் சார், அதனால் அவர்கள் கேட்கப் பழகவில்லை, மறுக்கத்தான் பழகினார்கள், இது என் பிசகு என்றாள். வகுப்பை நிறுத்தினால் பழையபடி நீங்கள் எதைச் சொன்னாலும் போட்டுவிடுவார்கள், அது இதைவிட மோசம் என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒரு சீட்டுகூட சரி இல்லையா?"

"இல்லை சார்."

"என் வார்டுல இருந்து போனவதானே நீ. என்னைப் பத்தி நல்ல அபிப்பிராயம் வெச்சிருக்கே."

அவர் கோபமாகச் சொன்னாரா, வேறு எப்படியோ சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. வியாழக்கிழமை நானே வருகிறேன் என்றார். சீட்டு நான்தான் எழுதுவேன், யாரைக் கூப்பிடுவது என்பதும் என் இஷ்டம். தலையாட்டுகிறவளாக இருந்தாலும் வகுப்பு கிடையாது, முரண்டு பிடிக்கிறவளாக இருந்தாலும் வகுப்பு கிடையாது. சரி சார் என்றாள் என் தங்கை.

அடுத்து வந்த நாட்களில் எங்கள் வீட்டு மாடியில் பேச்சே வேறாக இருந்தது. பழைய சீட்டுகளையெல்லாம் கட்டிப் பரணில் போட்டாள். புதிதாக எழுதினாள். சிலது தப்பு, சிலது சரி, சிலது பார்க்கத் தப்பு மாதிரி இருந்து சரியானது. எனக்கும் எது எது என்று சொல்லவில்லை. தினமும் வகுப்பு முடிந்த பிறகு மாணவிகளை நிறுத்தி வைத்தாள். நானும் பட்டறையைச் சாத்திவிட்டுப் போனேன். இப்போது பாடம் ஒரே வாக்கியத்தில் இருந்தது. "கை மருந்தை எடுக்கட்டும், வாய் கேக்கட்டும், பதில் வந்தப்புறம் ஊசி போகட்டும்." கேள்வி கேட்பதற்காகக் கையை நிறுத்தக்கூடாது, கை எடுத்துவிட்டது என்பதற்காகக் கேட்காமல் போடவும் கூடாது.

அட்ரோபினை மறுபடியும் நடத்தினாள். உடம்புக்குள் சுரக்கிற குழாய் எல்லாவற்றையும் அந்த விஷம் திறந்துவிட்டுவிடுகிறது. இந்த மருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போகிறது. விஷம் எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவு மருந்து வேண்டும். "இதுக்கு அளவு அட்டவணையில இல்ல. அந்த ஆளோட நெஞ்சுல இருக்கு. காதை வெச்சுக் கேளு" என்றாள். நான் அதட்டுகிறதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். புதன்கிழமை பாதி வகுப்பில் கதவு திறந்தது. மெல்லிசு வந்து சுவரோடு ஒட்டி நின்றாள். என் தங்கை அவளைப் பார்த்தும் பாராமல் பாடத்தை அதே இடத்திலிருந்து தொடர்ந்தாள். சாக்பீஸ் மட்டும் ஒரு தடவை உடைந்தது.

வியாழன் வந்தது. முதல்வரம்மா நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்தார். இடி டாக்டர் சாதாரணச் சட்டையில் வந்தார். கோட்டு போட்டிருந்தது நான் மட்டும்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

"பிரேக்குங்க சார்."

மாணவிகள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அப்படியே அடங்கியது. அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பொம்மையின் தலைமாட்டுத் தாளைப் பிடுங்கி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து புதிதாக எழுதினார். நிமிர்ந்து பார்க்காமலே, "அன்னைக்கு நின்னாளே, அந்தப் பொண்ணு" என்றார்.

மெல்லிசு சுவரிலிருந்து பிரிந்து வந்தாள். என் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சீட்டு அதேதான். பூச்சி மருந்து ஏறின நெஞ்சு, அட்ரோபின், அன்றைக்கு அவள் நின்ற அளவையும் தாண்டிய அளவு. அவர் அதட்டினார். அத்தனை வாரம் நான் அதட்டினதெல்லாம் தாலாட்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெல்லிசின் கை நிற்கவில்லை. குப்பியை உடைத்தாள், இழுத்தாள், அடுத்ததை உடைத்தாள். உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சார், வழக்கமான அளவைவிட ரொம்ப அதிகம். விஷத்துக்குத்தானே? எதுவரைக்கும் ஏத்தணும்?"

"நீ சொல்லு."

"நெஞ்சுல நீர்ச் சத்தம் போற வரைக்கும் சார். நாடி ஏறணும், பிரஷர் நிக்கணும். உடம்பு கொதிச்சு ஆள் உளற ஆரம்பிச்சா கூடிப்போச்சுன்னு அர்த்தம், அப்ப உங்ககிட்ட சொல்லிட்டு நிறுத்தணும்."

"போடு."

போட்டாள். பொம்மையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, அது பொம்மை என்பதே மறந்து குனிந்து கேட்டாள். முதல்வரம்மா மூச்சு விட்டார். முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் முடிக்கவில்லை. பொம்மைக்கு வேறு ஒரு தாளைத் தொங்கவிட்டு, வேறு ஒரு சீட்டை எழுதி நீட்டினார். இந்த ஆளுக்கு நாடி வேகமாக ஓடுகிறது, இந்த மாத்திரையைக் கொடு. சின்ன மாத்திரை, சாதாரண அளவு, தினமும் ஆயிரம் பேர் முழுங்குவது. இதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறாயா, நோயாளி காத்துக்கொண்டிருக்கிறான் என்று மறுபடியும் இடித்தார்.

மெல்லிசு மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் டம்ளரை எடுத்தாள். எடுத்துக்கொண்டே தாளை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"சார், இவருக்கு ஆஸ்துமா இருக்குன்னு மேல எழுதியிருக்கு. இந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கிடும். வேற எழுதித் தர்றீங்களா?"

அவர் எழுந்து நின்றார். "நான் டாக்டரா, நீ டாக்டரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வசனம். ஒரு எழுத்து மாறவில்லை. திரும்பி என் தங்கையைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே காய்கிற விரிப்புகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ கேட்டது என்றாளே, அந்த எங்கேயோ என் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

மெல்லிசு டம்ளரைக் கீழே வைத்தாள். குரல் அதே குரல்தான், ஆனால் அறை அத்தனை அமைதியாக இருந்ததால் கடைசியில் நின்றவள் வரை கேட்டது.

"நீங்கதான் சார் டாக்டர். அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

அவர் உட்கார்ந்தார். சீட்டிலிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே வேறொன்றை எழுதி நீட்டினார். அவள் படித்துப் பார்த்தாள், சரி சார் என்றாள், கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் இன்னும் பலரைக் கூப்பிட்டார். ஒருத்தி தடுமாறினாள், ஒருத்தி சரியான சீட்டைத் தப்பு என்றாள், ஆனால் எவளும் கையை நிறுத்தவுமில்லை, கேட்காமல் போடவுமில்லை. தடுமாறினவர்களை அவரே கூப்பிட்டு நிறுத்தி, ஏன் அப்படி எழுதினேன் என்று விளக்கினார். விளக்கும்போது அவர் குரலில் இடி இல்லை. வகுப்பு முடிகிற நேரம் தாண்டி, வெளியே விரிப்புகளை எடுத்து மடித்துக்கொண்டு போனார்கள். இவர் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

எழுந்தபோது பாராட்டெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மருந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று முதல்வரம்மாவிடம் சொன்னார். என் தங்கையிடம், "வகுப்பு நடக்கட்டும். ஆனா வியாழக்கிழமை வியாழக்கிழமை என் ஆளு ஒருத்தன் வருவான். அவனுங்களுக்கும் கேள்வி வாங்கிப் பழக்கமில்லை" என்றார். பிறகு வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அந்த வசனத்தை நான் நிஜமாவே அப்படித்தான் சொல்லுவேனா?"

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுவீங்க சார்" என்றாள் என் தங்கை.

அவர் போனதும் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும். மெல்லிசு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். என் தங்கை போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டோஸ் விடத்தான் போகிறாள் என்று பார்த்தால், மாத்திரைக் கிண்ணத்தை ஏன் மூடி வைக்கவில்லை என்று மட்டும் கேட்டாள். மெல்லிசு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மூடினாள்.

எனக்குத்தான் வேலை போயிற்று. நிஜ டாக்டர்களே வந்துவிட்டார்கள். பிரேக் டிபார்ட்மெண்டுக்கு என்ன வேலை. கோட்டை மடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். பிரித்துத் தைத்ததில் அவருக்கு இப்போது தொளதொளவென்று இருக்கிறது. வியாழக்கிழமை மதியம் பட்டறையில் உட்கார்ந்தால் கை பரபரக்கும். அடுத்த வாரமே அவள் வந்து நின்றாள்.

"அண்ணே, பொம்மை கிழிஞ்சுபோச்சு. வந்து படு."

இப்போது நான் நோயாளி. வியாழக்கிழமை தோறும் ஒரு நோயோடு போய்ப் படுக்கிறேன். ஊசியில் முனை கிடையாது. கையில் வைத்து அழுத்துவது மட்டும்தான். எதிரே சின்ன டாக்டர் நின்று சீட்டு நீட்டுவார், மாணவி படிப்பாள், கேட்பாள், அவர் பதில் சொல்வார். என் தங்கை எனக்கும் ஒரு வசனம் கொடுத்திருக்கிறாள். ஊசியோடு யார் கிட்டே வந்தாலும், "இது எதுக்கும்மா எனக்கு?" என்று கேட்க வேண்டும். போன வாரம் வந்தது மெல்லிசு. நான் கேட்டேன். என் நோய், அந்த மருந்து, அது போய் உட்காருகிற இடம், என்ன செய்யும், என்ன செய்யக்கூடாது என்று எல்லாம் எனக்கே விளங்குகிற மாதிரி சொன்னாள். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினேன்.